குருதி கழுவும் கருவியும் அதனைக் கழுவிய மருந்தும்



1859ஆம் ஆண்டு இரசாயன நூலாருக்கு ஒரு நல்லாண்டாக அமைந்தது. அவ்வாண்டிலே பாரிசு நகரத்துப் பேராசிரியர் சார்ல்ஸ் அடோல்ஃப் வூர்ட்ஸ் என்பார் எதிலீன் ஒட்சைட்டு என்னும் பொருளை முதன்முதலாக ஆக்கி வெளியிட்டார். அதே ஆண்டில், ருசிய தேசத்துக் கசான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் பட்லெரோவ் என்பார், பின்னாளிற் போமல்டிகைட்டு எனப் பெயர்பெற்ற பொருளை, அஃது இன்னதென முற்றும் உணராமலே தம் குடுவையிற் கண்டார். இந்தப் பட்லெரோவ் அதற்குச் சற்று முன்னர் வூர்ட்ஸின் ஆய்வுகூடத்திலேயே சில மாதங்கள் பணிபுரிந்தவர். இரண்டாண்டு சென்றபின், 1861இலே, தோமஸ் கிரகாம் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டறிஞர் ஒரு மென்றாளின் ஊடாகச் சில பொருள்கள் எளிதிற் கசிந்து செல்வதையும், பிசின் போன்றவை செல்லாது தங்குவதையும் ஆராய்ந்து, அம்முறையிற் பொருள்களைப் பிரிப்பதற்கு 'டயாலிசிஸ்' என்று பெயரிட்டார். அப்போது அவர் இலண்டன் அரச நாணயசாலையின் தலைவராக இருந்தார் என்பது ஒரு சுவையான செய்தி.

மூவரும் தத்தம் வழியே சென்றனர். தாம் கண்டவை மூன்றும் ஒரு நூற்றாண்டு கழிந்தபின் நோயாளி ஒருவரின் கட்டிலருகே ஒன்றையொன்று சந்திக்கும் என்று அவர்கள் கனவிலும் கருதியிரார். அச்சந்திப்பிலே விளைந்த துன்பத்தையும், அத்துன்பத்தின் காரணத்தை வைத்தியர்கள் தேடிய வகையையுமே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

குருதிச் சுத்திகரிப்பு என்னும் சொல் இந்நாட்டவருக்குப் புதிதன்று. வடமத்திய மாகாணத்தில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து, காரணம் தெளிவாகத் துணியப்படாத சிறுநீரக நோய் உழவர் குடும்பங்களைப் பற்றலாயிற்று. அதன்பின் பதவியாவிலும் மதவாச்சியிலும் எழுத்தறியாத முதியோர்க்கும் தெரிந்த சொல்லாயிற்று அது. சிறுநீரகம் ஓய்ந்தவருடைய குருதியை உடலுக்கு வெளியே எடுத்து, மென்சவ்வு ஒன்றின் ஒரு புறமாக ஓடவிட்டு, மறுபுறம் உப்புக் கரைசலை ஓடவிட, குருதியிற் சேர்ந்த நஞ்சுகள் சவ்வினூடே கசிந்து கரைசலிற் கலந்துவிடும். தூய்மை பெற்ற குருதி உடலுக்குத் திரும்பும். நான்கு மணி நேரம், கிழமைக்கு மும்முறை, ஆயுள் உள்ளளவும். சொல்வதற்கு இத்துணை எளிதான இச்செயலை மனித உடலில் நடத்திக் காட்டுதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட முயற்சி வேண்டியிருந்தது.

முதன்முதலில் இதனை உயிருள்ள விலங்கிற் செய்தவர்கள் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய ஜோன் ஜேக்கப் ஏபலும் அவருடைய துணைவர் இருவருமாவர். 1913இல் நாய்களின் குருதியைக் கொலோடியன் என்னும் பொருளாலான குழாய்களினூடே அவர்கள் செலுத்தினர். ஆனால் உடலுக்கு வெளியே வந்த குருதி உறைந்துவிடுமே! அதனைத் தடுக்க அவர்கள் நாடியது அட்டையை. மலைநாட்டுக் காடுகளிலே நடந்தவர்கள் அறிவர்: அட்டை கடித்துவிட்ட இடத்திற் குருதி நெடுநேரம் நில்லாது கசியும். மருத்துவ அட்டையின் தலையிலுள்ள ஹிருடின் என்னும் பொருளைப் பிழிந்தெடுத்து ஏபல் பயன்படுத்தினார். 1924இலே ஜேர்மனியின் கீசன் நகரத்தில் கியோர்க் ஹாஸ் என்னும் வைத்தியர் முதன்முறையாக ஒரு மனிதனுக்குக் குருதிச் சுத்திகரிப்புச் செய்தபோதும் அதே ஹிருடினையே கைக்கொண்டார். அம்முதற் சிகிச்சை நீடித்தது பதினைந்தே நிமிடம். அக்காலத்து ஹிருடின் செவ்வனே தூய்மை செய்யப்படாதது. அட்டையின் உடற்பொருள்களும் அதிற் கலந்திருந்தன. அதனால் நோயாளருக்கு ஒவ்வாமைத் துன்பங்கள் நேர்ந்தன. சில ஆண்டுகளில் ஹாஸ் அதனைக் கைவிட்டு ஹெப்பாரின் என்னும் மருந்துக்கு மாறினார். கருவி பிறந்த நாளிலேயே ஒவ்வாமையும் அதனுடன் கூடப் பிறந்தது என்பதை இவ்விடத்தில் நினைவில் இருத்துவோமாக.

ஹாஸின் முயற்சி தொடரவில்லை. அடுத்து வந்தவர் ஒல்லாந்து நாட்டு வைத்தியர் வில்லெம் கொல்ஃப். ஜேர்மனியப் படைகள் தம் நாட்டைக் கைப்பற்றியிருந்த காலத்திலே, கம்பன் என்னும் சிறு நகரத்து வைத்தியசாலையில், கொத்திறைச்சி அடைக்கும் செலோபேன் உறைக் குழாயை மரச்சட்டங்களாலான உருளையொன்றிற் சுற்றி, அவ்வூர் எனாமல் தொழிற்சாலையார் செய்து கொடுத்த தொட்டியிலே சுழலவிட்டு, 1943இல் அவர் தம் முதற் கருவியை இயக்கினார். அடுத்தடுத்து வந்த நோயாளரில் ஏறக்குறைய எல்லாரும் மாண்டனர். யுத்தம் முடிந்தபின், 1945 செப்டெம்பரில், 67 வயதான மூதாட்டி ஒருவர் அதனாற் பிழைத்தெழுந்தார். அவர் பகைவருக்கு உடந்தையாயிருந்தமைக்காகச் சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். அவரை ஏன் பிழைக்க வைத்தீர் என்று கொல்ஃபைக் கேட்டவரும் ஊரில் உண்டாம். வைத்தியனுக்கு அக்கேள்வி இல்லை.

கொல்ஃபின் கருவி சில நாட்களுக்கு மட்டும் உதவுவது. ஒவ்வொரு முறையும் நாளத்தையும் நாடியையும் அறுத்துத் திறக்க வேண்டியிருந்தமையால், சிறுநீரகம் தானே மீளும் நோயாளருக்கே அது பயன்பட்டது. 1960இலே அமெரிக்காவின் சியாற்றில் நகரத்தில் பெல்டிங் ஸ்கிறிப்னர் என்பார் ரெஃப்லோன் குழாயொன்றை நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தி வைக்கும் வழியைக் கண்டபின்னரே, சிறுநீரகம் முற்றாக அழிந்தவரும் ஆண்டுக்கணக்காக உயிர்வாழ இயன்றது. நமது கதைக்கு வேண்டிய திருப்பம் இதுதான். ஓரிரு முறை கருவியிற் பூட்டப்பட்ட நோயாளி வேறு. ஆண்டுக்கு நூற்றைம்பது முறைக்கு மேற் பூட்டப்படும் நோயாளி வேறு. உடல் ஒரு பொருளை வெறுக்கக் கற்றுக்கொள்வதற்கு அப்பொருளை மீண்டும் மீண்டும் சந்திக்க வேண்டும். அந்த வாய்ப்பை நிலைத்த சிகிச்சையே அளித்தது.

அக்காலத்துச் சியாற்றிலிலும் பிறவிடங்களிலும் வழங்கியது, நோர்வே நாட்டவரான பிறெட்றிக் கீல் அமைத்த தட்டுக் கருவி. பெரிய பலகைகளுக்கிடையே மென்சவ்வுத் தாள்களை விரித்துக் கையாலேயே அதனைப் பூட்டுவர். அத்துணை பெரிய கருவியைக் கொதிநீரிலோ நீராவியிலோ இட்டு வேகவைத்தல் இயலாது. ஆகவே அதனைப் போமலின், அதாவது போமல்டிகைட்டுக் கரைசல், கொண்டு நிரப்பிக் கிருமிகளை ஒழித்தனர். நோயாளியைப் பூட்டுமுன் உப்புநீரால் அதனை அலசி அகற்றினர். அகன்றதா என்று எவ்வாறு அறிவது? நீரிழிவு நோயாளர் தம் சிறுநீரிற் சர்க்கரை உண்டோ எனப் பார்க்கும் மாத்திரை ஒன்று அக்காலத்தில் இருந்தது. போமல்டிகைட்டுக்கும் அது நிறம் மாறும். அதனையே இட்டுப் பார்த்தனர். ஆனால் அம்மாத்திரை மிக நுண்ணிய எச்சத்தைக் காட்டவல்லதன்று. மாத்திரை நிறம் மாறாதபோது கருவி தூயதென்று கொண்டனர். உடலோ அவ்வாறு கொள்ளவில்லை.

இதன் விளைவு வெளிப்பட்டது எதிர்பாராத ஓரிடத்தில். கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்திலே சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்த பெல்சர், கவுன்ற்ஸ் ஆகிய சத்திரவைத்தியர்களும், குருதி வங்கியைச் சேர்ந்த பெர்க்கின்சும் 1971இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். குளிரிலே பேணப்பட்ட சிறுநீரகத்தைப் பொருத்தி, நோயாளியின் குருதியை அதனுட் பாயவிட்டதும், சிலருக்குச் செங்குருதிக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அவ்வுறுப்பைப் பாழாக்கிவிட்டன. குளிரிற் செயற்படும் ஒரு பிறபொருளெதிரி அந்நோயாளரின் குருதியில் இருந்ததே காரணம் என்றனர். ஒருவர் மனமுவந்து ஈந்ததும், ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து பெற்றதுமான சிறுநீரகம், சத்திரசிகிச்சை மேசையிலேயே வீணாயிற்று என்றால் அதன் துயரத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மறு ஆண்டிலே ஹொவெல் என்பாரும் பெர்க்கின்சும் மேலும் ஆராய்ந்து, நீடித்த குருதிச் சுத்திகரிப்புப் பெறுவோரிடம் 'என்' என்னும் குருதி இனப் பொருளுக்கு எதிரான பிறபொருளெதிரியைப் போன்ற ஒன்று இருப்பதை எடுத்துக் காட்டினர். எம், என் எனும் இவ்வினங்களை 1927இற் கண்டறிந்தவர்கள் கார்ல் லாண்ட்ஸ்ரைனரும் பிலிப் லெவினும் ஆவர். தம் குருதியிலேயே அந்த 'என்' பொருளை உடையவரும் அதற்கெதிரான பிறபொருளெதிரியை உண்டாக்கியிருந்ததுதான் விந்தை. தன்னையே ஏன் உடல் பகைத்தது? விடை பின்னர்த் தெளிந்தது. கருவியில் எஞ்சிய போமல்டிகைட்டு, செங்குருதிக் கலத்தின் மேற்புறத்திலுள்ள அப்பொருளைத் தொட்டு அதன் உருவைச் சற்றே மாற்றிவிட்டது. மாறிய உருவை உடல் அயலாகக் கருதியது. முகத்திற் கரி பூசி வந்த தன் பிள்ளையை இருளிலே கள்வனென்று அடித்த தந்தையின் கதைபோலும் இது.

அவ்வாறாயின் போமலினைக் குறைத்துவிடலாமே என்று நேயர் கேட்கலாம். குறைத்த இடமும் உண்டு. 1982இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றில், காசநோய்க் கிருமிக்கு உறவான ஒருவகைக் கிருமி, ஐதான போமல்டிகைட்டுக்கு அடங்காது கருவிகளில் உயிர்பிழைத்திருந்து, 27 நோயாளரைப் பற்றிக்கொண்டது. அவர்களிற் பலர் இறந்தனர். அதன்பின் நூற்றுக்கு நான்கு வீதமான கரைசலை இருபத்துநான்கு மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு நிலையத்தார் பணித்தனர். மருந்து குறைந்தாற் கிருமி. மருந்து எஞ்சினால் உடலின் பகை. இவ்விரண்டுக்குமிடையே தாதியர்கள் கருவியை அலசிக்கொண்டிருந்தனர். மாத்திரைக்குப் பதிலாக, மிகக் குறைந்த எச்சத்தையும் காட்டும் ஷிஃப் என்பாரின் சோதனைப் பொருள் வழக்கிற்கு வந்தமை அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று.

இனி வூர்ட்ஸின் எதிலீன் ஒட்சைட்டுக்கு வருவோம். பதினொரு பாகை செல்சியசு அளவிலேயே ஆவியாகிவிடும் இப்பொருள், பொதியிட்ட தாளையும் பிளாஸ்ரிக்கையும் ஊடுருவிச் சென்று கிருமிகளைக் கொல்லும். வெப்பம் தாங்காத கருவிகளுக்கு இதனிலும் வாய்ப்பான கிருமிநீக்கி அக்காலத்தில் இல்லை. 1960களின் பிற்பகுதியிலே, மயிரிழை போன்ற நுண்குழல்கள் ஆயிரக்கணக்கிற் செறிந்த புதிய சுத்திகரிப்புக் கலம் ஒன்று அமெரிக்காவில் உருவாயிற்று. முழங்கையளவும் இல்லாத அச்சிறு கலம் கீலின் பெரும்பலகைகளை விரைவில் வழக்கொழித்தது. தொழிற்சாலையிலேயே எதிலீன் ஒட்சைட்டு ஊட்டிப் பொதியிடப்பட்டு வரும். பிரித்துப் பூட்ட வேண்டியதே வேலை. தாதியர் மகிழ்ந்தனர், வைத்தியரும் மகிழ்ந்தனர்.

ஆனால் நுண்குழல்களின் இரு முனைகளையும் ஒருங்கு பிணைத்து நிற்பது பொலியூரிதேன் என்னும் பிசின். அப்பிசின் பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் எதிலீன் ஒட்சைட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பின்னர்ச் சிறிது சிறிதாக வெளிவிடும் இயல்பினது. இதனை எவரும் முன்னரே எண்ணிப் பார்க்கவில்லை.

கருவியிற் பூட்டிய சில நிமிடங்களிலேயே சில நோயாளருக்குக் குருதிக்குழாய் பொருத்திய இடத்தில் எரிவு தோன்றும். உடலெங்கும் ஒரு வெப்பம் பரவும். தோல் தடித்துச் சொறியும், கண்ணும் மூக்கும் நீர் சொரியும், மூச்சு இரைக்கும், ஏதோ பெருந்தீங்கு நேரப்போகின்றது என்னும் அச்சம் உள்ளத்தைக் கவ்வும். குருதி அழுத்தம் வீழ்ந்து உயிர் நீங்கியவரும் உளர். உயிரைக் காக்கும் கருவியின் அருகிலே, கிழமைக்கு மும்முறை, இவ்வச்சத்துடன் படுத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். வராமலிருந்தாலும் மரணம், வந்தாலும் மரணமாகலாம்.

1975இலே, கனடா நாட்டு மக்மாஸ்ற்றர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூத்துள்ளில், டொலோவிச் முதலிய வைத்தியர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். சுத்திகரிப்புக்கு வந்த நோயாளி ஒருவருக்கு நேர்ந்த கடும் ஒவ்வாமையை ஆராய்ந்து, அதற்குக் காரணம் எதிலீன் ஒட்சைட்டு வாயுவால் விளைந்த பொருளே என்று அவர்கள் கூறினர். ஒரே நோயாளியைப் பற்றிய அச்சிறு கட்டுரை உடனே உலகத்தை உலுக்கிவிடவில்லை. உண்மையில், அதன் பொருளை ஏனையோர் முழுவதும் உணர்வதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது.

இத்துணைச் சிறிய மூலக்கூறு ஒன்று உடலை எங்ஙனம் கொதித்தெழச் செய்யும்? இங்கே மீண்டும் லாண்ட்ஸ்ரைனர் வருகின்றார். வியன்னாவிற் பிறந்த அவர், முதலாம் உலக யுத்தத்தின் பின் ஒல்லாந்திலே வறிய நிலையிற் பணிபுரிந்த காலத்தில், 1921இல், ஒரு கருத்தை வகுத்தார். சிறு இரசாயனப் பொருள் தனித்து நின்று உடலைத் தூண்டமாட்டாது. உடலின் புரதமொன்றுடன் பிணைந்தபின் அது புதியதோர் அயற்பொருளாகித் தூண்டும். எதிலீன் ஒட்சைட்டின் அணுக்கள் நெருக்கப்பட்ட முக்கோண வளையமாக அமைந்தவை. எப்போது விடுபடுவோம் என்று காத்திருக்கும் அவ்வளையம், கிருமியின் புரதத்தைக் கண்டாற் பற்றும். கிருமி சாகும். குருதியிலுள்ள அல்புமின் புரதத்தைக் கண்டாலும் அவ்வாறே பற்றும். கொல்லும் ஆற்றலும் ஒவ்வாமை விளைக்கும் ஆற்றலும் இரண்டல்ல; ஒன்றே. போமல்டிகைட்டுக்கும் இது பொருந்தும்.

ஒவ்வாமையை நடத்தும் பிறபொருளெதிரி இன்னதென்று 1966, 1967ஆம் ஆண்டுகளிலேதான் தெரியவந்தது. அமெரிக்காவில் இருந்த யப்பானியரான இஷிசாக்கா தம்பதியரும், சுவீடனில் ஜோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே அதனைக் கண்டனர். இன்று ஐ.ஜி.ஈ. என்று வழங்குவது அதுவே. ஆகவே 1980களில் ஆய்வாளர் கைகளில் தக்க அளவுகோல் ஒன்று இருந்தது. எதிலீன் ஒட்சைட்டு ஏறிய அல்புமினுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. குருதியில் உண்டோ என்று கனடாவிலும் சிக்காகோவிலும் இங்கிலாந்திலும் தேடினர். கடுந்தாக்கம் நேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அது காணப்பட்டது.

இதற்கிடையே தாதியர்கள் கண்டறிந்த மற்றோர் உண்மையும் விளங்கிற்று. புதிய கலத்தைப் பயன்படுத்தும் முதல் நாளிலேயே இத்தாக்கம் பெரிதும் நேர்ந்தது. கழுவி மீண்டும் பயன்படுத்தியபோது அருகிற்று. இதற்கு 'முதற்பயன்பாட்டு நோய்' என்று 1980களின் தொடக்கத்திற் பெயருமிட்டனர். புதியது தூயது, பழையது அழுக்கு என்று எண்ணிப் பழகியவர்க்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் பழையதிற் பிசின் தன் எதிலீன் ஒட்சைட்டை ஏற்கெனவே இழந்துவிட்டது என்பதே உண்மை. செல்வ நாடுகளில் அக்காலத்திற் சிக்கனத்தின் பொருட்டுச் செய்த மீள்பயன்பாடு, எண்ணாமலே நோயாளரைக் காத்துவந்தது.

எஞ்சிய மூன்றில் ஒரு பங்கினர்க்கு என்ன காரணம்? நேர்மையான ஆய்வாளர் இக்கேள்வியை மூடி மறைக்கவில்லை. மென்சவ்வே குருதியிற் சில புரதங்களைக் கிளறி, வெண்கலங்களை நுரையீரலிற் தேங்கச் செய்கின்றது என்று 1977இல் அமெரிக்கர் காட்டினர். 1990இலே பெல்சியத்தின் லூவன் நகரத்து வைத்தியர்கள் மற்றொரு முடிச்சை அவிழ்த்தனர். பொலியக்கிரிலோநைத்திரைல் என்னும் பொருளாலான ஒரு சவ்வையும், குருதி அழுத்தத்தைக் குறைக்கும் ஒருவகை மருந்தையும் ஒருங்கே பெற்றவர்களுக்கு மட்டுமே தாக்கம் நேர்ந்தது. அச்சவ்வின் எதிரேற்றம் பிராடிகினின் என்னும் பொருளைக் குருதியிற் பெருக்கும். அம்மருந்தோ பிராடிகினின் அழிவதைத் தடுக்கும். இரண்டும் சேர்ந்தால் கரையுடைந்த குளம்தான். அம்மருந்து வகை பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகக் கிடைத்தது. பிராடிகினினும் அதே பாம்பின் நஞ்சைக் கொண்டு 1949இற் கண்டறியப்பட்டது. அட்டையிலே தொடங்கிய நமது கதை பாம்பிடமும் சென்று மீண்டது, பாருங்கள்.

பின்னர் உற்பத்தியாளர் பலர் எதிலீன் ஒட்சைட்டை விட்டு நீராவிக்கும் காமாக் கதிருக்கும் மாறினர். மீள்பயன்பாட்டிற் போமலினின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டது பெரசற்றிக்கமிலம்; அது இறுதியிற் புளிக்காடியின் அமிலமாகவும் ஒட்சிசனாகவும் நீராகவும் சிதைந்துவிடுவது. எதிலீன் ஒட்சைட்டுத் தாக்கம் அரிதாயிற்று. ஆனால் முற்றாக மறைந்ததென்று கூற இயலாது; குருதிக் குழாய்களும் ஊசிகளும் சில இடங்களில் இன்றும் அவ்வாயுவாலேயே கிருமிநீக்கம் பெறுகின்றன.

2007ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலே சுத்திகரிப்புக்கு வந்த சிறுவர்களுக்கு இதே தாக்கம் திடீரெனத் தோன்றிற்று. கருவியையும் குழாயையும் கிருமிநீக்கியையும் ஐயுறுவது இக்காலத்து வைத்தியர்க்கு இயல்பாகிவிட்டது. ஆனால் இம்முறை அவை குற்றமற்றவை. பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரின் மருந்தில், சீனத்திலிருந்து வந்த மூலப்பொருளிலே, ஹெப்பாரினைப் போலவே தோற்றும் வேறொரு மலிந்த பொருள் கலந்திருந்தது. 2008 மார்ச்சு மாதம் அதனைக் கண்டுபிடித்தனர். அக்கலப்புப் பொருள் உடலைத் தாக்கிய வழியும் லூவன் வைத்தியர் கண்ட அந்தப் பிராடிகினின் வழியே. ஹாஸ் ஹிருடினைக் கைவிட்டு ஹெப்பாரினைத் தேர்ந்த நாளிலிருந்து எண்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்று எந்தச் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் சென்றாலும் நேயர்கள் ஒரு காட்சியைக் காணலாம். நோயாளியைப் பூட்டுமுன் தாதி கலத்தினூடே உப்புநீரைச் செலுத்தி, அது வெளியேறி வீழ்வதைப் பார்த்து நிற்பார். காற்றை வெளியேற்றுவதற்கு என்பது ஒரு காரணம். பிசினில் ஒளிந்திருப்பதைக் கழுவிவிடுவதற்கு என்பது மற்றொன்று. அலசிய கலத்தை நெடுநேரம் வாளாவிட்டால் எச்சம் மீண்டும் கசிந்து சேரும். ஆதலால் பூட்டும் தறுவாயில் மறுபடியும் அலசுவார். பூட்டிய பின் முதற் சில நிமிடங்கள் நோயாளியை விட்டு அகலார். கையெரிகின்றது, உடல் சுடுகின்றது என்று அவர் சொல்வாராயின், தாதி செய்யும் முதல் வேலை குழாய்களைக் கவ்வியால் இறுக்குவது. கலத்தினுள்ளே அப்போது ஒரு கோப்பை அளவு குருதி இருக்கும். குருதி குன்றிய நோயாளிக்கு ஒவ்வொரு துளியும் அரிது. ஆயினும் அதனை உடலுக்குத் திருப்பாமல், அப்படியே கலத்தோடு கழற்றி எறிந்துவிடுவார்.